பட்டியலில் இல்லாதது

மூன்றாவது தடவையும் 'கோப்பு இல்லை' என்றது கணினி.

அதுவும் பிரிசில்லா மதினியின் குரலில்.

கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கண் தெரியாது. திரையில் வருவதையெல்லாம் கணினிதான் வாசித்துச் சொல்லும். அப்படி வாசிக்கிற தமிழ்க் குரல் மென்பொருளை லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்துவிடுவதுதான் அவள் வேலை. குரல் கொடுத்தது அண்ணன் பெண்டாட்டி. வெளிச் சத்தம் விழாமல் போர்வைக்குள் உட்கார்ந்து, வேர்க்க வேர்க்க ஏழாயிரம் வார்த்தை வாசித்தாள்.

மென்பொருளோடு போன நன்றிப் பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள். மதினி பேர் இல்லை. வேண்டுமென்றா விட்டாள்? மதினி கூடவே இருந்தவள், எழுதும்போது ஞாபகம் வரவில்லை.

நாலு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

புதுப் பதிப்பு ஐந்து மணிக்குள் சோதனையில் தேறாவிட்டால் அடுத்த வெளியீட்டில் தமிழ்க் குரல் கிடையாது. காதால் வாசிக்கிறவர்கள் இன்னும் இரண்டு வருஷம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இங்கே நன்றாக ஓடுகிறது. அங்கே லினக்ஸ்காரர்கள் ஒன்றுமில்லாத வெறுங்கணினியில் வைத்துச் சோதிக்கிறார்கள், ஓடவில்லை. மென்பொருளை உருவாக்க என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

எது?

சட்டென்று உறைத்தது. அட கூறுகெட்டவளே! இப்போது பேசுகிற பழைய பதிப்புக் குரலின் அகராதி இந்தக் கணினியிலேயே கிடக்கிறது. புதுசு கேட்காமலே அதை எடுத்துக்கொள்கிறது.

அகராதியின் பேரைத் தேவைப் பட்டியலில் சேர்த்தாள். அது போதுமா? அங்கே அனுப்பிப் பார்க்க இன்னும் ஒரு தடவைக்குத்தான் நேரம். முதலில் இங்கே பழைய குரலை மொத்தமாக நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

நீக்கினால் கணினி ஊமை.

நீக்கினாள்.

விசையைத் தட்டினாள். கணினியின் விசிறி இரைந்தது. இரைந்துகொண்டே இருந்தது.

நின்றது.

முடிந்ததா, முறிந்ததா?

நாலரைக்கு வருகிற பால்காரரின் மணி தெருவைத் தாண்டிப் போனது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம்.

வீம்புக்கு இதுவா நேரம்!

"மதினி..."

துருவுவது நின்றது. பிறகு பக்கத்தில் தேங்காய் வாசம்.

"பச்சையா ஒரு வரி கிடக்கு. சக்சஸ்னு போட்டிருக்கு."

அதே குரல்.

அனுப்ப வேண்டும். அவள் அனுப்பவில்லை. தடவித் தடவி நன்றிப் பட்டியலைத் திறந்தாள்.

"மதினி, உங்க பேருக்கு இங்கிலீஷ்ல எத்தனை எல்?"