நாற்பது கடி

பழைய அலமாரியில் குடியிருந்த ஒரு புத்தகப்புழு, அந்த வருஷம் தான் படித்த புத்தகங்களுக்குக் கணக்கு வைத்திருந்தது. ஒரு புத்தகம் முடிந்தால் பலகையில் ஒரு கடி. டிசம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நாற்பது கடி! பெருமை தாங்காமல் தலையை வெளியே நீட்டியது. எதிரே சுவரில், பசியோடு ஒரு பல்லி.

"அக்கா, என்னைத் தின்னுடாதீங்க. இந்த வருஷம் மட்டும் நாற்பது புத்தகம் படிச்சிருக்கேன்."

"அப்படியா? படிச்சவங்கள நான் தொடமாட்டேன். அதுல எது நல்லா இருந்துச்சு, சொல்லு."

முதல் புத்தகத்தின் அட்டையில் நுழைந்து, நேராகத் துளைத்துக்கொண்டே போய், நாற்பதாவதின் அட்டையில் வெளியே வந்ததுதான் புழுவின் படிப்பு. அவசரமாக வந்த வழியே ஊர்ந்துபோய், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பியது.

"ஒண்ணும் தேறாதுக்கா" என்று உதட்டைப் பிதுக்கியது. "இப்பல்லாம் யாருக்குமே எழுதத் தெரியல. எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் நடுவுல ஒரு ஓட்டை."

பல்லி சிரித்த சிரிப்பில் பிடி நழுவி, பொத்தென்று தரையில் விழுந்தது.

'பாவம், இவ்வளவு படிப்பை அதால் தாங்க முடியவில்லை' என்று நினைத்த புழு, நாற்பத்தோராவது புத்தகத்தில் பல்லை வைத்தது.