பெட்டியில் இல்லாத எழுத்து

அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. கம்பெனி போட்டுக்கொடுத்த மென்பொருளை நீக்கிவிட்டுத் தானே எழுதியதை அதில் ஏற்றினான் ஞானராஜ். தமிழ் எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து வரைந்தான். கொம்பும் காலும் உள்ள ‘போ’வுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. பெட்டியை அணைத்தால் திரையில் ‘போறேன்’ என்று வரும். அதைப் பார்த்ததும் அவன் மனைவி ரூபிக்குக் கோபம் வந்துவிட்டது.

“வீட்டுல இருந்து கிளம்பும்போது யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? மாத்துங்க.”

சிரித்துக்கொண்டே ‘வரேன்’ என்று மாற்றினான். அதன் பிறகு பெட்டி ஒவ்வொரு முறை அணையும்போதும், அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, “சரி, பாத்துப் போயிட்டு வா” என்பாள்.

ஞானராஜ் இறந்த பிறகும் பெட்டி ‘வரேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அவளால் தாங்க முடியவில்லை. கொழுந்தன் செல்வினை வரச்சொன்னாள்.

“பழையபடி போறேன்னே மாத்திரு, தம்பி. வராதவரு எதுக்கு வரேன்னு சொல்லணும்?”

செல்வின் கீபோர்டைச் செருகி மாற்றிப் பார்த்தான். ‘போ’ வரவேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் நின்றது.

“மத்த எழுத்தெல்லாம் இருக்கு, மதினி. அண்ணன் ‘போ’வ மட்டும் அழிச்சிருக்காங்க. நான் வரைஞ்சு தரட்டுமா?”

ரூபி அதைத் திரும்பவும் ‘வரேன்’ என்றே மாற்றச் சொல்லிவிட்டு, கை நீட்டிப் பெட்டியை அணைத்தாள். ‘வரேன்’ என்று காட்டிவிட்டுத் திரை இருண்டது.

“சரி, பாத்துப்…” என்று தொடங்கினாள்.

அடுத்த எழுத்து அவள் வாயிலும் வரவில்லை.