குதிகால் உயரம்

அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு ஜோடி ஹீல்ஸை எடுத்து மேஜைமேல் வைத்ததும், துணிக்கடை மேனேஜர் அவசரமாக அறைக் கதவைச் சாத்தினார். கடைப் பெண்களுக்கெல்லாம் அந்த மாதிரிச் செருப்பை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

விற்பனைக்கு நிற்கும் பெண்கள் உயரமாக, எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வாடிக்கையாளர் கண்ணெதிரே செருப்பைக் கழற்றக் கூடாது, ஸ்டூலில் ஏறி மேல்தட்டுத் துணியை எடுக்கும்போதும் கூடாது. பெண்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'கறார்'. கறார் மட்டும் நாள் முழுக்க ரப்பர் செருப்பில் சொகுசாகத் திரிவார்.

போன மாதம் இந்த அம்மாளின் மூத்த மகள் அப்படி ஏறித்தான், துணிக்கட்டோடு தடுமாறி விழுந்தாள். முதுகெலும்பில் பலத்த அடி. இனி எழுந்து நிற்க மாட்டாள் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். பாவம், அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"உட்காருங்கம்மா. பொண்ணு எப்படி இருக்கு?"

"படுத்த படுக்கைதான் சார். திருப்பிப் போடக்கூட நான் பக்கத்துல இருக்கணும். அதனால நானும் எங்கயும் வேலைக்குப் போக முடியல."

மேனேஜர் முந்திக்கொண்டார். "பார்த்து ஏறு, பார்த்து ஏறுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்மா."

"பேலன்ஸ் வரல, கழட்டிட்டு ஏறட்டுமான்னு அவ கேட்டாளாம். நீங்கதான் கூடாதுன்னீங்களாம்."

இந்தப் பேச்சு முதலாளி காதுக்குப் போனால் தன் வேலைக்கே வேட்டு என்று மேனேஜருக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்தார். பளிச்சென்று துடைத்திருந்தது. வாரில் மட்டும், இன்னும் இறுக்கிப் போடுவதற்காக, ஆணியால் குத்தினது போலப் புதிதாக ஒரு துளை இருந்தது.

"புகார் குடுக்கப் போறீங்களா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"குடுத்தா எம் பொண்ணு எழுந்து நடந்துடுவாளா?" அழுகையை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்புறம் என்னதாம்மா வேணும்? மனசு விட்டுச் சொல்லுங்க."

அந்த அம்மாள் எழுந்து நின்றாள். பெற்ற வயிறு பற்றி எரிந்தாலும், கைகள் தாமாகக் குவிந்தன.

"பெரியவ இடம் காலியாத்தானே இருக்கு சார்? சின்னவ இதைப் போட்டு வீட்டுல நடந்து நடந்து பழகிட்டா. இவ விழ மாட்டா சார்."