மயிரிழையில் தப்பிய மான்

"பன்னிரண்டு வருஷமா ஒரு மான்கூட விழல. கேட்டா, மயிரிழையில தப்பிடுச்சும்பே, கடைத் தோட்டா சரியில்லைம்பே. இனிமே நீயே வீட்டுல செஞ்சுக்கோ!"

மொன்டானா மலையடிவாரத் துப்பாக்கிக் கடைக்குள் கணவன் கிளேட்டனைத் தள்ளிக்கொண்டு வந்தாள் வெர்னா.

கடைக்காரர் ஹாலிஸ் ஓர் இரும்புக் கருவியை எடுத்து வைத்தார். "புதுசா தோட்டா செய்யக் கத்துக்கிறவங்களுக்கு, அழுத்திப் பொருத்த இந்தப் பிரஸ் போதும்."

"ரொம்பக் கனமா இருக்கே," என்றான் கிளேட்டன்.

"தோள்லயா தூக்கிட்டுத் திரியப் போறே?" என்றாள் வெர்னா.

அடுத்து, வெடிமருந்து நிறுக்கும் குட்டித் தராசு.

"முள்ளு கண்ணுக்கே தெரியல."

"மலை உச்சியில மேயற மான் மட்டும் தெரியுமாக்கும்!"

ஹாலிஸ் சிரித்தார். "காலித் தோட்டா கொண்டுவந்தீங்களா? சுட்டப்புறம் மிஞ்சுற பித்தளைக் கூட்டுலதான் மறுபடி மருந்து நிரப்பணும். பன்னிரண்டு வருஷத்துக்கு மூட்டை மூட்டையா சேர்ந்திருக்குமே?"

"இவன் எதைத் தூக்கிப் போட்டிருக்கான்? எல்லாம் வண்டியிலதான் கிடக்கும்."

கிளேட்டன் தடுப்பதற்குள் ஓடிப்போய், வேட்டைப் பையிலிருந்த பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள்.

இருபது தோட்டாக்கள். இருபதும் சுடாத தோட்டாக்கள். கூடவே பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ரசீது.

ஹாலிஸ் கூரையைப் பார்த்தார்.

"மயிரிழையில தப்பிடுச்சுன்னியே?" என்றாள் வெர்னா.

"தப்பிச்சது நிஜந்தானே, வெர்னா," என்று முனகினான் கிளேட்டன். "அது நேரா என் மூஞ்சியையே பார்க்குது. நான் என்ன பண்ணட்டும்?"

வெர்னா பெட்டியை மெல்ல மூடினாள்.

"ஹாலிஸ், இந்தப் பிரஸ்ஸை உள்ள எடுத்து வை. நல்ல பைனாகுலரா ரெண்டு காட்டு. அடுத்த வேட்டைக்கு நானும் போறேன்."