நீளாத நரம்பு

மதியம்தான், ஆனாலும் ஏரியின்மேல் கவிந்த மேகத்தால் தூண்டில் கடைக்குள் விளக்கு எரிகிறது. கடைக்காரி நைலான் நரம்பை இழுத்துக் காட்டுகிறாள். அது நீண்டு, விட்டதும் சுருங்குகிறது. "தூரத்துக்கு இது ஆகாதுண்ணே. நீங்க சுண்டுற வேகமெல்லாம் நரம்பு நீளுறதுலயே போயிடும், முள்ளு பதியாது." பின்னல் நரம்பை எடுத்துக் கொடுக்கிறாள். வந்தவர், அவள் இதுவரை பார்த்திராத ஆள், அதை இரு கைகளிலும் சுற்றி வெடுக்கென்று இழுக்கிறார். நரம்பு அசைந்து கொடுக்கவில்லை. விரலில் வெள்ளைக் கோடு விழுந்து மெல்லச் சிவக்கிறது. அவர் கையை எடுக்கவில்லை. "நூறு மீட்டர் தள்ளியும் பிடிக்குமா?" "பிடிக்கும். என்ன மீனு?" தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்குகிறது. இருப்பதிலேயே பெரிய மும்முனை முள்ளைப் பொறுக்கி வைக்கிறார். இரை எதுவும் கேட்கவில்லை. "எவ்வளவு கனம் தாங்கும்மா?" "நாப்பது கிலோ." "தண்ணிக்குள்ள கனம் தெரியாது. சட்டையும் கெட்டித் துணிதான், கிழியாது." காலையில் ஏரி நடுவே படகு கவிழ்ந்ததாக யாரோ சொல்லிப் போனது கடைக்காரிக்கு இப்போதுதான் உறைக்கிறது. "தேடுற ஆளுங்க வருவாங்கண்ணே." "காத்து அடங்காம படகு விட மாட்டாங்களாம். மழைக்கு அணை மதகத் தொறந்துட்டா என் தம்பிய எங்கன்னு தேடுறது?" முள்ளை நரம்பில் கோக்கப் பார்க்கிறார், முடியவில்லை. "குடுங்க, நான் கட்டுறேன்," என்று வாங்கிக்கொள்கிறாள். அணைப் பக்கமிருந்து மதகு திறக்கும் சங்கு நீளமாக ஊதுகிறது. அவள் நிமிரவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்குகிறாள்.