அரை மணி நேரம் காணவில்லை

"என் கல்யாணத்துல அரை மணி நேரத்தைக் காணோம். எங்க வெச்சிருக்கீங்க?"

கேசட்டை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள். மாட வீதியில் அந்த வீடியோ ஸ்டூடியோவை நடத்தும் ஷாஹுல் ஹமீது கேசட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற அவள் அப்பா ராஜகோபாலனை மட்டும் பார்க்கவில்லை.

"பேட்டரி தீந்து போச்சும்மா. அன்னிக்கே உங்க வீட்டாளுங்க கிட்ட சொன்னேனே."

என்ன காணோம் என்பதை அவள் விவரமாகச் சொன்னாள். கன்னிகாதானம் முடிந்து, கூறைப்புடவை மாற்ற உள்ளே போகிறாள். அடுத்த காட்சியில் கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருக்கிறது. நடுவில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மேடைக்கு நடந்து வந்தது எங்கேயும் இல்லை. பார்க்கிறவர்கள், பெண் புடவையோடு மேடையிலேயே முளைத்தாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"அடுத்த வாரம் பம்பாய் போறேன். அங்க அப்பாவைப் பாக்கணும்னு தோணினா, போட்டுப் பாக்க இது ஒண்ணுதான் இருக்கு."

சொல்லும்போது குரல் உடைந்தது. உடைந்ததால் கோபம் இன்னும் அதிகமானது.

"விடும்மா, போனது போகட்டும்" என்றார் ராஜகோபாலன்.

அவர் விடச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. காசி யாத்திரைக்குப் பெண் வீட்டார் கொடுத்த குடையில் ஒரு கம்பி உடைந்திருந்தது. மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்துவிட்டான். அவனுடைய பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பெண் புடவை மாற்ற உள்ளே போன சமயம் பார்த்து, ராஜகோபாலன் சபையில் மன்னிப்புக் கேட்டால்தான் தாலி என்று நின்றார். ஒரு குடைக்கம்பியில் கல்யாணம் தொங்கியது. உள்ளே பெண்ணிடம், நாதஸ்வரக்காரர் டிபன் சாப்பிடுகிறார் என்று சொல்லி வைத்தார்கள்.

ராஜகோபாலன் கை கூப்பினார். பெரியப்பாவுக்கு அது போதவில்லை. அதுவரை மணவறைப் பூவை எடுத்துக்கொண்டிருந்த ஷாஹுல் ஹமீதைக் கூப்பிட்டார்.

"வீடியோக்காரரே, இவர் குனியறதைக் கிட்ட வந்து எடுங்கோ. நாளைக்கு யாரும் இல்லேன்னு சொல்லப்படாது."

ஷாஹுல் ஹமீது கிட்டே வந்தார். கேமராவின் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பேட்டரி காலி சார். தோ, செவப்பு எரியுது பாருங்க" என்று சொல்லி, கேமராவை அணைத்துத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்.

மாற்று பேட்டரியும் சார்ஜ் ஆகவில்லையாம். வீடியோ இல்லாத மன்னிப்பில் பெரியப்பாவுக்கே சுவாரஸ்யம் போய்விட்டது. சரி சரி, முகூர்த்தம் தப்புகிறது என்று அவரே தாலியை எடுக்கச் சொன்னார். எங்கிருந்தோ ஒயர் இழுத்து, கேமராவைக் கரண்டில் மாட்டுவதற்குள் பெண் மேடைக்கு வந்துவிட்டாள்.

ராஜகோபாலன் அதைத் தெய்வச் செயல் என்றே எடுத்துக்கொண்டார். ஒரு பேட்டரி தீர்ந்ததற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது. அவள் போய் வாழப்போகிற வீடு அது.

ஆனால் அவள் விடுவதாக இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள், மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டரையெல்லாம் கையாண்டவள்.

"சார்ஜர்ல சிவப்பு எரிஞ்சா ஏறிண்டிருக்குன்னு அர்த்தம். பச்சை வந்தப்புறம்தான் எடுக்கணும். பாத்தீங்களா, இல்லையா?"

"அவசரத்துல செவப்புலயே எடுத்துட்டேம்மா."

பாதியில் எடுக்கக்கூடாது, ஏறி முடிந்ததும் அப்படியே செருகி வைத்தாலும் சூடாகிக் கெட்டுப்போகும் என்று அவள் பாடம் நடத்தினாள். கல்யாணத்துக்குக் கல்யாணம் பேட்டரியோடு குடித்தனம் நடத்துகிற மனிதர், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

பிறகு கேமராவைக் கொண்டுவரச் சொன்னாள். அவர் கொண்டுவந்து பொத்தானை அமுக்க, முன்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது படம் பதிவாகறதுக்கான விளக்கு. பேட்டரி தீரப் போறதுன்னா இது சிமிட்டும். முன்னாடியே சிமிட்டிச் சொல்லிடும். நீங்க கவனிச்சிருக்கணும்."

"கவனிக்கலம்மா. தப்புதான்."

"இப்படிச் சிமிட்டாம எரிஞ்சா?" என்று கேட்டார் ராஜகோபாலன்.

"பேட்டரி தாராளமா இருக்குன்னு அர்த்தம்ப்பா."

ராஜகோபாலன் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கூப்பிய கைகளுக்கு நேர் எதிரே அவர் பார்த்தது இதே விளக்கைத்தான். அது சிமிட்டவே இல்லை.

ஷாஹுல் ஹமீது அவசரமாகக் கேமராவை அணைத்தார்.

ராஜகோபாலனுக்கு அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிடித்தால் மகள் ஏன் என்று கேட்பாள்.

"சின்னவளுக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. வீடியோவுக்கு நீங்கதான் வரணும்" என்றார்.

ஸ்ரீலக்ஷ்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவ்வளவு சொன்னப்புறமும் இவரையாப்பா? மறுபடியும் பாதியில பேட்டரி தீந்துடுத்துன்னா?"

"தீரட்டும்மா. இவர் பேட்டரி, தீர வேண்டிய நேரத்துலதான் தீரும்."