பன்னிரண்டு பாட்டில் தண்ணீர்

ஆம்பூர் நூலகத்தில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: கல்லூரி ஆய்வாளர் அம்பிகா, ஆய்வுக்கு எடுத்த தெருவில் வசிக்கும் ஜான்சன், அங்கே கிணற்றுத் தண்ணீர் சேகரிக்கும் பொறுப்பை ஏற்ற சங்கீதா, அவளுடைய மாமனார் பச்சையப்பன்.

“பன்னிரண்டு வீட்டுக் கிணத்துத் தண்ணியும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு. அப்படி இருக்கவே முடியாது. உங்க தெருவை ஆய்வுலேர்ந்து எடுத்துட்டோம்” என்றார் அம்பிகா.

“இன்னாம்மா சங்கீதா! தோல் டேனரி கழிவு கிணத்துல கலக்குதுன்னு காட்ட நமக்கு இருந்தது இது ஒண்ணுதானே?” ஜான்சனின் குரல் உடைந்தது.

“வீடு வீடா பாட்டில் ஏந்திக்கினு நிக்காதேன்னு அப்பவே சொன்னேன்” என்றார் பச்சையப்பன், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. “ஆனா எங்க குடும்பத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க.”

சங்கீதா அவரையே சற்று நேரம் பார்த்தாள்.

“பாட்டில்ல இருக்கிற கையெழுத்து என்னுது மேடம். தப்பும் என்னுதுதான்.”

பச்சையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வெயிலுக்குச் சோம்பி, மருமகள் தன் வீட்டுக் கிணற்றிலேயே எல்லா பாட்டிலையும் நிரப்பிவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. ‘நீ போவாதே, நானே வீடு வீடா வாங்கியாறேன்’ என்று அவளிடம் பாட்டில்களை வாங்கிக்கொண்டு, ஒருவர் வாசலையும் மிதிக்காமல் அதே கிணற்றில் நிரப்பியவர் பச்சையப்பன்.